செயற்கைக்கோள் படங்களில் கெர்னல் ஓட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்டர் படத்தின் (பிக்சல் கட்டங்களால் ஆன படம்) மேல் கெர்னலை ஓட்டும் நிரல் பத்து வரிக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து வரியில் தப்பு இருந்தாலும் நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. பார்க்க நன்றாக இருக்கும் ஒரு படம் வந்து விழும், அவ்வளவுதான். அதனால் இந்தப் பக்கத்தில் 'எப்படி ஓட்டுவது' என்பதைவிட 'ஓட்டியது சரிதானா' என்ற கேள்விக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். உதாரணங்கள் பைத்தானில் உள்ள நம்பை, சைபை, ஓபன்சிவி, மற்றும் ஜிடால் ஆகிய நூலகங்களை ஒட்டியவை. கணக்கு எந்த மொழியில் எழுதினாலும் ஒன்றுதான்.

கெர்னல் என்பது என்ன? அதில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கெர்னல் என்பது எடைகள் நிரம்பிய ஒரு சிறு கட்டம். 3×3 கெர்னல் என்றால் 9 எடைகள். அதன் நடுக்கட்டத்தை ஒரு பிக்சலின் மேல் வைத்து, அடியில் அகப்படும் 9 மதிப்புகளையும் அந்தந்த எடையால் பெருக்கிக் கூட்டினால் அந்தப் பிக்சலின் புது மதிப்பு கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது எடைகளின் கூட்டுத்தொகை. அது 1 என்றால் கெர்னல் ஒருவகைச் சராசரி எடுக்கிறது, படத்தின் அலகு மாறாது. 0 என்றால் வேறுபாட்டை அளக்கிறது. இரண்டும் இல்லாமல் 9 அல்லது 16 என்று நின்றால், வகுக்க மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இது வெறும் இலக்கணம் இல்லை. லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 தரைப் பிரதிபலிப்புப் படங்களில் கோப்பிலுள்ள முழு எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு வரும். கூட்டுத்தொகை 1 ஆக உள்ள கெர்னலுக்கு இந்த மாற்றத்தை முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் விடை ஒன்றே. கூட்டுத்தொகை 0 என்றால் அந்த 0.2 கெர்னலுக்குள்ளேயே அடிபட்டுப் போய்விடும். பிறகு ஒருமுறை 0.2 கழித்தால் படம் முழுதும் 0.2 கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் பெருக்கல் மட்டும் போதும்.

ஒரே கெர்னலுக்கு சைபையும் ஓபன்சிவியும் வேறு வேறு விடை தருகின்றனவே?

கன்வல்யூஷன் என்பதன் கணித வரையறையில் கெர்னலை 180 பாகை திருப்பி வைத்துத்தான் பெருக்க வேண்டும். திருப்பாமல் பெருக்குவதற்குப் பெயர் கோரிலேஷன். சைபையின் என்டி-இமேஜ் தொகுப்பில் கன்வால்வ், கோரிலேட் என்று இரண்டும் தனித்தனியாக உள்ளன. ஓபன்சிவியின் ஃபில்டர்-2டி செய்வது கோரிலேஷன். சராசரி, காஸியன் (நடுவில் எடை கூடி ஓரம் நோக்கிக் குறைவது) போன்ற சமச்சீர் கெர்னல்களில் வித்தியாசமே தெரியாது. சோபெல் (விளிம்பைக் காட்டும் வேறுபாட்டுக் கெர்னல்) போட்டால் குறி தலைகீழாகிவிடும்.

விடையின் தனிமதிப்பை மட்டும் எடுத்து விளிம்பு தேடுகிறவருக்கு இது உறைக்காது. சரிவின் திசையைக் கணிக்கிறவருக்கு எல்லாச் சரிவும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இரண்டில் எது ஓடுகிறது என்பதை ஆவணத்தை நம்பி முடிவு செய்யாமல் சோதித்துப் பாருங்கள். சோதனை கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

100 மீட்டர் ஆரத்துக்குள் சராசரி வேண்டும். கெர்னல் எத்தனை பிக்சல்?

ஆரத்தைப் பிக்சல் அளவால் வகுத்து, இரட்டித்து, 1 கூட்டுங்கள். சென்டினல்-2இன் 10 மீட்டர் பட்டையில் 100 மீட்டர் ஆரம் 10 பிக்சல், ஆக கெர்னல் 21×21. லேண்ட்சாட்டின் 30 மீட்டரில் ஆரம் 3.33 பிக்சல். அதை 3 என்று வைத்தால் ஆரம் 90 மீட்டர், 4 என்றால் 120 மீட்டர். எதை எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

சதுரமா வட்டமா என்பதும் கணக்கில் சேர்த்தி. ஆரம் 3 உள்ள வட்டத்துக்குள் 29 பிக்சல்களின் மையங்கள் விழும், 7×7 சதுரத்தில் 49 உண்டு. சதுரத்தின் மூலைகள் நடுவிலிருந்து 4.24 பிக்சல் தள்ளி இருக்கின்றன. '100 மீட்டருக்குள்' என்று அறிக்கையில் எழுதப் போகிறீர்கள் என்றால் வட்டம்தான் நேர்மையான தேர்வு.

காஸியனுக்கு ஆரம் கிடையாது, சிக்மாதான் (பரவலின் அளவு) உண்டு. அரை உயரத்தில் முழு அகலம் என்பது சிக்மாவைப் போல 2.355 மடங்கு. சைபை இயல்பாக 4 சிக்மாவில் கெர்னலை வெட்டுகிறது, ஆகவே சிக்மா 5 என்றால் கெர்னல் 41×41. ஓபன்சிவியில் சிக்மாவை 0 என்று விட்டால் கெர்னல் அளவிலிருந்து அதுவே ஒரு சிக்மாவை ஊகித்துக்கொள்ளும். அளவு 5 என்றால் 1.1 வரும். இரண்டு நூலகங்களிலும் 'காஸியன் போட்டேன்' என்று சொல்லி விடை ஒத்துவரவில்லையே என்று தவிப்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படம் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பார்வைக்கு மென்மையாக்க மட்டும் என்றால் ஓட்டலாம். தூரம் அல்லது சரிவு கணிப்பதாக இருந்தால் கூடாது.

ஈபிஎஸ்ஜி 4326 என்ற அட்சரேகை-தீர்க்கரேகை ஆள்கூற்று முறையில் 1 வில்விநாடிப் பிக்சல் வடக்கு-தெற்காக ஏறத்தாழ 30.9 மீட்டர். கிழக்கு-மேற்காக அதே அளவு நிலநடுக்கோட்டில் மட்டும்தான். மேலே போகப்போக அட்சரேகையின் கோசைன் மதிப்பால் சுருங்கும். 60 பாகையில் 15.4 மீட்டர். 150 மீட்டர் ஆர வட்டம் அங்கே 5 வரிசை உயரமும் 10 பத்தி அகலமும் கொண்ட நீள்வட்டமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும். பிக்சலில் வட்டமான கெர்னலை அங்கே ஓட்டினால் தரையில் அது ஒடுங்கிய நீள்வட்டம்.

சரிவுக் கணக்கில் கேடு இன்னும் பெரிது. உயரம் மீட்டரில், பிக்சல் அளவு 0.000278 பாகை. இரண்டையும் அப்படியே வகுத்தால் நிலம் முழுதும் 90 பாகைக்குச் சற்றுக் குறைவான செங்குத்தாக வரும். ஜிடாலின் டெம் (உயரப் படம்) கருவிக்கு 111120 என்ற அளவுகோலைக் கொடுப்பது வழக்கம். அது நிலநடுக்கோட்டுப் பக்கம் சரி. வடக்கே போனால் கிழக்கு-மேற்குச் சரிவைக் குறைத்துக் காட்டும்.

இரண்டு வழிகள் உண்டு. யூடிஎம் போன்ற மீட்டர் அலகு உள்ள முறைக்கு மாற்றிவிட்டு ஓட்டலாம். அல்லது ஒவ்வொரு வரிசைக்கும் அதன் அட்சரேகைக்கு ஏற்ற கிடை அளவைக் கொண்டு வகுக்கலாம். முதல் வழியில் ஒன்றை மறக்க வேண்டாம்: மாற்றும்போது நடக்கும் பைலீனியர் இடைக்கணிப்பே ஒரு மென்மையாக்கும் கெர்னல்தான், உங்களுடையது அதன் மேல் இரண்டாவது. அண்டைப் பிக்சல் முறையில் மாற்றினாலோ சில வரிசைகள் இரட்டிக்கும், சில விடுபடும். சரிவுப் படத்தில் அது கோடுகோடாகத் தெரியும்.

வெப் மெர்கேட்டரில் அலகு மீட்டர் என்று எழுதியிருந்தாலும் ஏமாற வேண்டாம். 60 பாகையில் தரையின் 100 மீட்டர் அங்கே 200 ஆக நீண்டிருக்கும்.

சரிவுக்கு எந்தக் கெர்னல்? மலைகள் பள்ளமாகத் தெரிகின்றனவே?

ஹார்ன் 1981இல் தந்த முறைதான் ஜிடாலின் இயல்பு. கிழக்குத் திசை மாற்றத்துக்கான எடைகள்:

−1 0 1
−2 0 2
−1 0 1

கிடைத்த கூட்டுத்தொகையைப் பிக்சல் அளவின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் உயரப் படத்துக்கு 240ஆல். இந்த வகுத்தலை விட்டுவிட்டு ஆர்க்டேன்ஜென்ட் எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எடைகள் சோபெலுடையவைதான் என்பதால் நூலகத்தின் சோபெலைக் கூப்பிட்டு நேராகப் பயன்படுத்திவிடுகிறார்கள். ஸெவன்பெர்கன், தோர்ன் இருவரும் 1987இல் தந்த முறை நான்கு நேர் அண்டைகளை மட்டும் எடுத்துப் பிக்சல் அளவின் 2 மடங்கால் வகுக்கிறது. மென்மையான நிலத்துக்கு அது பொருந்தும், கரடுமுரடான நிலத்துக்கும் இரைச்சல் மிகுந்த தரவுக்கும் ஹார்ன் நல்லது.

மலை பள்ளமாவதற்குக் காரணம் அச்சின் திசை. அணியில் வரிசை எண் கீழ்நோக்கி, அதாவது தெற்கு நோக்கிக் கூடுகிறது. வரைபடத்தின் வடக்கு அச்சு மேல்நோக்கிக் கூடுகிறது. புவி உருமாற்றத்தின் (பிக்சல் எண்ணை வரைபட ஆள்கூறாக மாற்றும் ஆறு எண்கள்) ஆறாவது எண் எதிர்மறையாக இருப்பது இதனால்தான். வரிசைத் திசையில் கிடைத்த வேறுபாட்டின் குறியை மாற்றாமல் நிழற்படம் போட்டால் வெளிச்சம் தென்மேற்கிலிருந்து வருவது போலாகும். வடமேற்கு ஒளிக்குப் பழகிய கண்ணுக்கு மேடு பள்ளமாக மாறும். சரிவின் அளவு மட்டும் மாறாது. அதனாலேயே இந்தப் பிழை பலகாலம் ஒளிந்திருக்கிறது.

நோடேட்டா பிக்சல்களை என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

கெர்னலுக்கு நோடேட்டா (தரவு இல்லை என்று குறித்த பிக்சல்) என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு எல்லாமே எண். 120 மதிப்புள்ள 8 பிக்சல்களுக்கு நடுவே ஒரு −9999 இருந்தால் 3×3 சராசரி −1004.3 என்று வரும். இது நல்ல நிலைமை, ஏனென்றால் கண்ணில் படும். லேண்ட்சாட், சென்டினல்-2 கோப்புகளில் நோடேட்டா 0. 900 மதிப்புள்ள 8 பிக்சல்களோடு ஒரு 0 சேர்ந்தால் சராசரி 800. அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். படத்தின் விளிம்பிலும் வெட்டிய மேகங்களைச் சுற்றியும் ஒரு கெர்னல் ஆரத்துக்கு மதிப்புகள் மெல்லச் சரிந்திருக்கும், நீங்கள் அதை நிலத்தின் இயல்பு என்று எழுதிவிடுவீர்கள்.

நோடேட்டாவை நேன் (எண் அல்லாத மதிப்பு) ஆக்கினால் பொய் நின்றுவிடும், ஆனால் ஓட்டை பெருகும். 21×21 கெர்னலில் ஒரே ஒரு நேன் 441 பிக்சல்களை விழுங்கும். சைபையின் யூனிஃபார்ம் ஃபில்டரில் இன்னும் மோசம். அது வேகத்துக்காக ஓடும் கூட்டுத்தொகை வைத்துக்கொள்கிறது, நேன் ஒருமுறை அதில் புகுந்தால் வெளியே வராது. அந்த இடத்துக்கு அப்பால் வரிசையின் மிச்சம் முழுதும் நேன். ஃபூரியர் வழிக் கன்வல்யூஷனில் ஒரு நேன் படம் முழுவதையும் அழித்துவிடும்.

சரியான வழி இயல்பாக்கிய கன்வல்யூஷன். நூட்சன், வெஸ்டின் இருவரும் 1993இல் முறைப்படுத்தியது. செய்முறை எளிது:

1. செல்லும் பிக்சலுக்கு 1, செல்லாததற்கு 0 என்று ஒரு முகமூடி அணி செய்யுங்கள்.
2. தரவில் செல்லாத இடங்களில் 0 எழுதுங்கள். முகமூடியால் பெருக்கி அழிக்க முயலாதீர்கள், நேனை 0ஆல் பெருக்கினாலும் நேன்தான்.
3. தரவின் மேலும் முகமூடியின் மேலும் ஒரே கெர்னலைத் தனித்தனியாக ஓட்டுங்கள்.
4. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

இரண்டாவது விடை, சாளரத்தில் எத்தனை பங்கு எடை உண்மையான தரவின் மேல் விழுந்தது என்பதைச் சொல்கிறது. அது மிகக் குறைவாக உள்ள இடத்தில் வகுத்து வந்த எண்ணை நம்ப முடியாது. 0.5க்குக் கீழே போனால் நோடேட்டா என்று வைப்பது நியாயமான தொடக்கம். முதலில் செல்லாதவையாக இருந்த பிக்சல்களிலும் இப்போது எண் வந்திருக்கும். இடைவெளி நிரப்புவது உங்கள் நோக்கம் இல்லை என்றால் பழைய முகமூடியை மீண்டும் போடுங்கள்.

இந்த வழி கூட்டுத்தொகை 0 உள்ள கெர்னல்களுக்குப் பயன்படாது. வகுக்கும் எண்ணே 0 ஆகிவிடும். சோபெல், லாப்லாசியன் போன்றவற்றுக்குச் செல்லாத பிக்சல்களின் முகமூடியைக் கெர்னல் ஆரத்துக்கு விரித்து, அத்தனையையும் நோடேட்டா ஆக்குவதே பாதுகாப்பு.

படத்தின் ஓரத்தில் எந்த நிரப்பு முறை?

சைபையின் இயல்பு ரிஃப்ளெக்ட், ஓரப் பிக்சலையும் சேர்த்துப் பிரதிபலிக்கும். ஓபன்சிவியின் இயல்பு ஓரப் பிக்சலை விட்டுவிட்டுப் பிரதிபலிக்கும், சைபையில் அதற்குப் பெயர் மிரர். பெயர் குழப்பத்தால் ஓரங்களில் மட்டும் விடை வேறுபடும். 0 நிரப்புவது பெரும்பாலும் தவறு. வ்ராப் முறை உலகம் முழுவதையும் மூடும் படத்தில், கிழக்கு-மேற்கு அச்சில் மட்டும் சரி, ஏனென்றால் அங்கே 180 பாகையின் இரு பக்கமும் உண்மையிலேயே அண்டை. சைபையில் அச்சுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகக் கொடுக்க முடிகிறது.

எங்கள் பரிந்துரை இவை எதுவும் அல்ல. தேவையான பகுதியைவிடக் கெர்னல் ஆரம் அளவுக்குக் கூடுதலாகப் படித்து, ஓட்டி, வெட்டுங்கள். நிரப்புவது என்றாலே இல்லாத தரவைக் கற்பிப்பதுதான்.

துண்டு துண்டாக ஓட்டினேன், இணைப்புக் கோடுகள் தெரிகின்றன.

ஒவ்வொரு துண்டும் தன் ஓரத்தில் தானே நிரப்பிக்கொண்டது. துண்டைச் சுற்றி ஒரு கரை வைத்துப் படிக்க வேண்டும். கரையின் அகலம் அடுத்தடுத்து ஓடும் எல்லாக் கெர்னல்களின் ஆரங்களின் கூட்டுத்தொகை. காஸியன் ஆரம் 20, பிறகு சோபெல் ஆரம் 1 என்றால் கரை 21. 512 பிக்சல் துண்டுக்கு 554 படித்து, இரண்டையும் ஓட்டி, நடு 512ஐ மட்டும் எழுதுங்கள். டாஸ்க் நூலகத்தில் மேப்-ஓவர்லாப் இதைச் செய்துதரும், ஆழத்தை நீங்கள்தான் சரியாகச் சொல்ல வேண்டும்.

படித்த கோப்பிலேயே திரும்ப எழுதாதீர்கள். அடுத்த துண்டு தன் கரையைப் படிக்கும்போது ஏற்கெனவே மென்மையாக்கிய மதிப்புகளை எடுத்துக்கொள்ளும். இந்தப் பிழை மேலிருந்தும் இடமிருந்தும் மட்டும் வரும், அதனால் கண்டுபிடிப்பது கடினம்.

விளிம்புப் படத்தில் பாதி விளிம்புகள் காணவில்லை.

தரவு வகைதான் காரணம். 8 பிட் குறியற்ற எண்ணில் எதிர்மறைக்கு இடமில்லை. ஓபன்சிவியில் வெளியீட்டு ஆழம் −1 என்று விட்டால் உள்ளீட்டின் வகையே தொடரும், எதிர்மறை எல்லாம் 0 ஆகிவிடும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் விளிம்பு நிற்கும், இறங்கும் விளிம்பு மறையும். சைபையும் இயல்பாக உள்ளீட்டு வகையிலேயே விடை தருகிறது. அங்கே எதிர்மறை வெட்டப்படாமல், பொருளற்ற பெரிய எண்ணாகச் சுற்றி வரலாம். படித்தவுடன் ஃப்ளோட்32க்கு மாற்றுங்கள்.

பெரிய கெர்னல் மிக மெதுவாக ஓடுகிறது.

முதலில் அது பிரிபடுமா என்று பாருங்கள். காஸியனும் சதுரச் சராசரியும் ஒரு கிடைக் கெர்னல், ஒரு நெடுக் கெர்னல் என்று பிரியும். 31×31இல் பிக்சலுக்கு 961 பெருக்கல் 62 ஆகக் குறையும். சென்டினல்-2இன் 10 மீட்டர் துண்டு 10980×10980 பிக்சல். அதற்கு ஏறத்தாழ 11,600 கோடி பெருக்கல்கள் 750 கோடியாக இறங்குகின்றன. கையிலுள்ள கெர்னல் பிரியுமா என்று தெரியாவிட்டால் அணியின் தரத்தை (ராங்க்) கணியுங்கள், 1 என்றால் பிரியும். வட்டக் கெர்னல் பிரியாது. அதற்கு அளவு பெரிதானால் ஃபூரியர் வழிதான் வேகம். அதில் எதிர் ஓரங்கள் ஒன்றோடொன்று கலக்காதபடி போதுமான நிரப்பு இருக்க வேண்டும்.

சதுரச் சராசரிக்குத் திரள் கூட்டுத்தொகை அணி (மேல் இட மூலையிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வரையிலான கூட்டுத்தொகை) இன்னும் வேகம், கெர்னல் எவ்வளவு பெரிதானாலும் நேரம் மாறாது. ஆனால் அதை ஃப்ளோட்32இல் வைக்காதீர்கள். ஃப்ளோட்32 முழு எண்களை 1,67,77,216 வரைதான் பிசகாமல் தாங்கும். மேற்சொன்ன துண்டில் பிக்சல் மதிப்பு 10,000 என்றால் கடைசி மூலையின் கூட்டுத்தொகை 1 லட்சம் கோடியைத் தாண்டும். படத்தின் கீழ் வலப் பக்கம் போகப்போக சராசரி தள்ளாடும். ஃப்ளோட்64 போதும்.

4×4 கெர்னல் வைக்கலாமா?

வேண்டாம். இரட்டைப்படைக் கெர்னலுக்கு நடுப்பிக்சல் இல்லை, படம் அரைப் பிக்சல் நகரும். லேண்ட்சாட்டில் அது 15 மீட்டர்.

விடை அணி சிறிதாகிவிட்டது. புவி உருமாற்றத்தை என்ன செய்வது?

வேலிட் முறையில் (நிரப்பாமல், கெர்னல் முழுதும் படத்துக்குள் அடங்கும் இடங்களில் மட்டும்) ஓட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஆரம் அளவு குறையும். மேல் இட மூலையின் ஆள்கூறுகளைக் கிழக்கே ஆரம் × பிக்சல் அளவு, தெற்கே அதே அளவு நகர்த்துங்கள். பழைய உருமாற்றத்தையே எழுதினால், 21×21 கெர்னலும் 10 மீட்டர் பிக்சலும் உள்ள படம் 100 மீட்டர் வடக்காகவும் 100 மீட்டர் மேற்காகவும் தள்ளி உட்காரும்.

எந்தப் படத்தில் நேராகச் சராசரி எடுக்கக் கூடாது?

நிலப் பயன்பாட்டு வகைப் படத்தில். 2 காடு, 4 நீர் என்றால் சராசரி 3 வயலாகாது. வகைக்கு ஒரு 0-1 படம் செய்து அதில் ஓட்டினால் சுற்றுப்புறத்தில் அந்த வகையின் பங்கு கிடைக்கும், அது பயனுள்ள எண்.

டெசிபலில் உள்ள ரேடார் படத்தில். 10, 20 டெசிபல் இரண்டின் சராசரி 15 இல்லை. ஆற்றலில் அவை 10, 100. சராசரி 55, திரும்ப டெசிபலில் 17.4. ஆற்றலுக்கு மாற்றி, ஓட்டி, திரும்ப மாற்றுங்கள்.

திசைப் படத்தில். 350 பாகையும் 10 பாகையும் வடக்குதான், சராசரி 180 என்று தெற்கைக் காட்டும். சைன், கோசைன் இரண்டையும் தனித்தனியே ஓட்டி, பிறகு கோணத்தை மீட்க வேண்டும்.

என்டிவிஐ (தாவரக் குறியீடு) போன்ற விகிதங்களில் தடை ஏதும் இல்லை. ஆனால் பட்டைகளை மென்மையாக்கிப் பிறகு வகுப்பதும், வகுத்த பின் மென்மையாக்குவதும் ஒரே விடை தராது. முதல் முறையில் பிரகாசமான பிக்சல்களின் குரல் ஓங்கும்.

கூகுள் எர்த் எஞ்சினில் பெரிதாக்கிப் பார்த்தால் விடை மாறுகிறது.

பிக்சல் அலகில் கெர்னல் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே கணக்கு திரையின் உருப்பெருக்கத்துக்கு ஏற்ற பிக்சலில் நடக்கும். ஆரத்தை மீட்டரில் கொடுங்கள், ஏற்றுமதியில் அளவுகோலை வெளிப்படையாக எழுதுங்கள். இறுதி விடையை ஏற்றுமதியில் சரிபாருங்கள், திரையில் அல்ல.

நிரல் சரிதான் என்று எப்படி உறுதி செய்வது?

நான்கு செயற்கைப் படங்கள் போதும். உண்மைப் படத்தைத் தொடும் முன் ஓட்டுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள்.

ஒற்றைப் புள்ளி: 21×21 சுழியங்கள், நடுவில் ஒரு 1. கெர்னலாக 1 முதல் 9 வரை எண்கள் கொண்ட 3×3 கட்டம். விடையின் நடுவில் கட்டம் அப்படியே வந்தால் கன்வல்யூஷன், தலைகீழாக 9இல் தொடங்கினால் கோரிலேஷன். நடுவிலிருந்து நகர்ந்து வந்தால் மையப்புள்ளி தவறு.

மாறிலி: எல்லாம் 7. விடை 7 × எடைகளின் கூட்டுத்தொகை, ஓரம் உட்பட. ஓரத்தில் மட்டும் குறைந்தால் 0 நிரப்பப்படுகிறது. நடுவில் சில நோடேட்டா பிக்சல்களை வைத்து மறுபடி ஓட்டுங்கள். இயல்பாக்கிய கன்வல்யூஷன் அவற்றைச் சுற்றியும் சரியாக 7 தர வேண்டும்.

துண்டும் முழுதும்: சமவாய்ப்பு எண்களால் ஆன 1000×1000 படத்தை ஒரே வீச்சிலும் துண்டு துண்டாகவும் ஓட்டிக் கழியுங்கள். தசமப் பிசகைத் தவிர எதுவும் மிஞ்சக் கூடாது.

சாய்தளம்: பிக்சல் 30 மீட்டர், கிழக்கே ஒவ்வொரு பிக்சலுக்கும் 30 மீட்டர் ஏறும் தளம். ஓரங்களைத் தவிர எங்கும் சரிவு 45 பாகை, நிலம் சரியும் திசை மேற்கு, அதாவது 270. அடுத்து வடக்கே ஏறும் தளம்: சரிவு 45, திசை தெற்கு, 180. முதலாவது சரியாக வந்து இரண்டாவது 0 என்று காட்டினால் வரிசை அச்சின் குறியை இன்னும் திருப்பவில்லை. 45க்குப் பதில் 89க்கு மேல் வந்தால் 240ஆல் வகுக்கவில்லை.